தொப்புள்கொடித் திசுவில் ஸ்டெம் செல் வளர்ப்பு: இந்திய விதிகள் எதை அனுமதிக்கின்றன?

பிரசவம் முடிந்ததும் நஞ்சுக்கொடியும் அதோடு ஒட்டிய தொப்புள்கொடியும் மருத்துவமனையின் மஞ்சள் பைக்குள் போகின்றன. 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவை மனித உடற்கூற்றுக் கழிவு. அந்தக் கொடியை ஓர் ஆய்வகம் கேட்டு வாங்கிக்கொண்டால் அது ஆய்வுப் பொருள் ஆகிறது. அதிலிருந்து செல்களைப் பிரித்து, வளர்த்து, நோயாளியின் உடலில் செலுத்த நினைத்தால் சட்டத்தின் பார்வையில் அது புதிய மருந்து. ஒரே கொடி, மூன்று நிலை. ஒவ்வொரு நிலைக்கும் அனுமதி வெவ்வேறு இடத்தில் கிடைக்கிறது. இவற்றைக் கலந்து பேசுவதில்தான் பெரும்பாலான குழப்பங்களும் சில ஏமாற்று வேலைகளும் தொடங்குகின்றன.

முதல் குழப்பம் ரத்தத்துக்கும் திசுவுக்கும் இடையில் வருகிறது. ஸ்டெம் செல் என்பது தானே பெருகிக்கொண்டு, வேறு வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மூலச் செல். தொப்புள்கொடி ரத்தத்தில் இருப்பவை பெரும்பாலும் ரத்த செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள். 1988இல் பாரிஸில் ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் கொண்ட ஒரு சிறுவனுக்கு அவை முதன்முதலாகச் செலுத்தப்பட்டன. இன்று அது ஏற்கப்பட்ட சிகிச்சை முறை. கொடியின் திசுவில் கிடைப்பவை வேறு வகை. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு செல்களாக மாறக்கூடிய மீசன்கைமல் செல்கள் அவை. உலகெங்கும் ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் ரத்த செல்களுக்கு இருக்கும் நிரூபிக்கப்பட்ட பயன் இவற்றுக்கு இன்னும் வந்து சேரவில்லை. எனவே ரத்தத்தைப் பற்றிய வெற்றிக் கதையைச் சொல்லித் திசுவை விற்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

விதிகளைப் புரிந்துகொள்ள, ஆய்வக மேசையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது அவசியம். கொடியைக் கிருமி நீக்கிய உப்புக் கரைசலில் வைத்து, குளிர்ந்த நிலையில், இயன்றவரை ஒரு நாளுக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ரத்தம் போகக் கழுவுகிறார்கள். கொடியை நீளவாக்கில் பிளந்தால் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் தெரியும். அவற்றை இடுக்கியால் உரித்து எடுத்தபின் மிஞ்சுவது வழவழப்பான வெண்ணிறக் கூழ். வார்ட்டன் ஜெல்லி என்பது அதன் பெயர். அதை ஓரிரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்குகிறார்கள்.

இங்கிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்றில், கொலாஜினேஸ் என்ற நொதியை ஊற்றித் திசுவைக் கரைத்துச் செல்களைச் சில மணி நேரத்தில் விடுவிக்கிறார்கள். மற்றொன்றில் திசுவைக் கரைக்க நொதி எதுவும் இல்லை. துண்டுகளை வளர்ப்புத் தட்டின் அடியில் ஒட்டவைத்து, 37 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் உள்ள பெட்டிக்குள் வைத்துக் காத்திருக்கிறார்கள். துண்டு மிதந்துவிட்டால் வேலை கெட்டது. ஆகவே முதல் நாள்களில் வளர்ப்பு ஊடகத்தை, அதாவது செல்களுக்கு உணவாகும் கரைசலை, மிகக் குறைவாகவே ஊற்றுவார்கள். ஒன்று, இரண்டு வாரத்தில் துண்டின் ஓரத்திலிருந்து நூற்புக் கதிர் போல நீண்ட செல்கள் வெளியே நகர்ந்து வருவதை நுண்ணோக்கியில் காணலாம். தட்டின் பரப்பில் 70, 80 விழுக்காடு நிரம்பியதும் டிரிப்சின் என்ற நொதியைக் கொண்டு செல்களைப் பெயர்த்து அடுத்த தட்டுகளுக்கு மாற்றுகிறார்கள். இப்படியே பெருக்கிக்கொண்டு போய், தேவையானதை மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் உறையவைக்கிறார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், மருந்தாகப் பயன்படுத்த நினைக்கும் ‘ஸ்டெம் செல்லிலிருந்து பெறப்பட்ட பொருள்’ எதையும் புதிய மருந்து என்கின்றன. எந்த அளவுக்குக் கையாண்டால் அப்படி ஆகும் என்பதற்கும் அங்கேயே விளக்கம் இருக்கிறது. திசுவைப் பிரித்தல், கழுவுதல், வெட்டுதல், மையவிலக்கில் சுழற்றுதல், ஊடகத்தில் மிதக்கவைத்தல், உறையவைத்தல் ஆகியவை குறைந்த அளவுக் கையாளலாகவே கருதப்படும். செல்களைப் பெருக்குவது, வேறு செல்லாக மாறச் செய்வது, நொதியாலோ வேதிப்பொருளாலோ மாற்றுவது, மரபணுவைத் திருத்துவது போன்றவை கணிசமான கையாளல்.

செல்களைப் பிரிக்க நொதி பயன்படுத்தவில்லை, ஆகவே எங்களுக்கு இந்த விதி பொருந்தாது என்று வாதிடுவோர் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், நிற்காது. துண்டுகளிலிருந்து செல்கள் தாமாக நகர்ந்து வந்தாலும், அடுத்தடுத்த தட்டுகளில் அவற்றைப் பெருக்குகிறார்களே, அந்தப் பெருக்கமே விளக்கத்துக்குள் வந்துவிடுகிறது. ஒரு கொடியிலிருந்து சிகிச்சைக்குப் போதுமான எண்ணிக்கையில் மீசன்கைமல் செல்களைப் பெருக்காமல் பெறுவது நடைமுறையில் மிகக் கடினம். சுருங்கச் சொன்னால், வளர்த்த செல் மருந்துதான்.

இதற்கு மேல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான தேசிய வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. அவை ஆராய்ச்சியை அனுமதிக்கத்தக்கது, கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, தடை செய்யப்பட்டது என்று மூன்றாகப் பிரிக்கின்றன. கொடித் திசுவின் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்துப் படிப்பது முதல் வகை. அனுமதிக்கத்தக்கது என்றால் கேட்காமலே செய்யலாம் என்று பொருள் அல்ல. நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒருபுறம், ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கென்றே அமைந்த நிறுவனக் குழு மறுபுறம், இரண்டும் ஒப்ப வேண்டும். இரண்டாவது குழு, தேசிய உயர்நிலைக் குழுவிடம் பதிவு செய்திருக்க வேண்டும். கல்லூரிகளில் ஆய்வு தொடங்கும் மாணவர்கள் இந்த இரண்டாவது குழுவை மறந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. நெறிமுறைக் குழுவின் கடிதம் கையில் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது.

கொடியைத் தரும் தாயின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் எதுவும் தொடங்கக் கூடாது. ஒப்புதலைப் பிரசவ வலியின் நடுவே வாங்குவது முறையல்ல. முன்கூட்டியே, நிதானமாகப் படித்துக் கேள்வி கேட்க நேரம் தந்து வாங்க வேண்டும். கழிவாகப் போகவிருந்த பொருள்தானே என்பது சாக்கு ஆகாது. எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் போன்றவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளும் தாய்க்கு நடக்கும் என்பதால், அதையும் படிவத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

மனிதருக்குச் செலுத்துவது என்ற கட்டத்தில் சுமை பல மடங்கு கூடுகிறது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் மருத்துவப் பரிசோதனைக்கு, அதாவது மனிதர்களிடம் மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்கு, அனுமதி பெற வேண்டும். பரிசோதனைக்கான செல்களைத் தயாரிக்கத் தனி அனுமதி வேண்டும். தயாரிப்பு, மருந்து உற்பத்திக்குரிய தரம் கொண்ட இடத்தில் நடக்க வேண்டும். செல்கள் உண்மையிலேயே மீசன்கைமல் செல்கள்தான் என்று காட்ட வேண்டும். இதற்கு 2006இல் சர்வதேசச் செல் சிகிச்சைச் சங்கம் வகுத்த அளவுகோல் பரவலாகப் பின்பற்றப்படுகிறது: பிளாஸ்டிக்கில் ஒட்டி வளர வேண்டும், சிடி73, சிடி90, சிடி105 என்ற செல் மேற்பரப்புப் புரத அடையாளங்கள் 95 விழுக்காட்டுக்குக் குறையாத செல்களில் தெரிய வேண்டும், ரத்த செல்களின் அடையாளங்கள் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்புச் செல்களாக மாறிக் காட்ட வேண்டும். பாக்டீரியா, பூஞ்சை, மைக்கோபிளாஸ்மா, நச்சுப்பொருள் சோதனைகளும் உண்டு.

பங்கேற்பாளருக்கு இதில் உரிமைகள் இருக்கின்றன. பலருக்கு இது தெரிவதில்லை. பரிசோதனையில் பங்கேற்க அவர் பணம் கட்ட வேண்டியதில்லை. பரிசோதனையின்போது உடல்நலக் கேடு ஏற்பட்டால், 2019 விதிகளின்படி இலவச மருத்துவம் தர வேண்டும். கேட்டுக்குக் காரணம் பரிசோதனைதான் என்று உறுதியானால் இழப்பீடும் தர வேண்டும். எந்தக் கட்டத்திலும் விலகிக்கொள்ளலாம். அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஆகவே “இது பரிசோதனை” என்று சொல்லிக்கொண்டே பெரிய தொகை கேட்கும் இடத்தில் இருப்பது பரிசோதனை அல்ல, வியாபாரம்.

மருத்துவப் பரிசோதனைகளை இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். நோயின் பெயர், செல் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்ற விவரம், மருத்துவமனையின் பெயர் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பதிவு எண் மட்டுமே அரசு அனுமதி ஆகிவிடாது. பதிவேடு தகவலைப் பதிகிறது, சிகிச்சைக்குச் சான்றளிப்பதில்லை. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதிக் கடிதத்தைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

“எங்கள் முறையில் செல்களை வளர்ப்பதில்லை, பிரித்தெடுத்து உடனே செலுத்துகிறோம்” என்று சொல்லும் சிகிச்சையகங்களும் இருக்கின்றன. குறைந்த அளவுக் கையாளல் என்ற பிரிவின் நிழலில் ஒதுங்கும் முயற்சி இது. 2017 வழிகாட்டுதல் அந்த நிழலையும் விட்டுவைக்கவில்லை: ஏற்கப்பட்ட ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைகளைத் தவிர, எந்த ஸ்டெம் செல்லையும் அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே நோயாளிக்குச் செலுத்துவது நெறிமுறைக்குப் புறம்பானது.

இனி சேமிப்பு வங்கி. கருவுற்ற தாய்மார்களிடம் அதிகம் பேசப்படுவது இதுதான். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேகரித்து, பரிசோதித்து, சேமித்து வைக்கும் வங்கிகளுக்கான உரிம விதிகள் 2011 டிசம்பரில் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளில் சேர்க்கப்பட்டன. அந்த உரிமம் ரத்தத்துக்கு மட்டும். கொடித் திசு, நஞ்சுக்கொடி, பல், மாதவிடாய் ரத்தம் ஆகியவற்றைச் சேமிக்கும் வங்கிச் சேவைக்கு, மறு அறிவிப்பு வரும்வரை அனுமதி இல்லை என்று 2017 வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்லிவிட்டது. உறையவைப்பது சிறிய கையாளல்தானே என்று மேலே சொன்ன விளக்கத்தை இங்கே இழுத்துவரவும் முடியாது; அது எது மருந்து என்பதற்கான விளக்கம், வங்கி நடத்தும் உரிமம் அல்ல. ரத்தத்தைக்கூடக் குழந்தை எதிர்காலத்தில் தனக்கே பயன்படுத்திக்கொள்ளும் என்று சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதே அதே வழிகாட்டுதலின் நிலை. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு ரத்த ஸ்டெம் செல் மாற்று தேவைப்படும் நோய் இருந்தால் கதை வேறு. அதை முடிவு செய்ய வேண்டியவர் ரத்தவியல் மருத்துவர், விற்பனைப் பிரதிநிதி அல்ல.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்முன், ரத்தத்தோடு ‘திசுவும்’ என்று ஒரு வரி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், எந்த உரிமத்தின்கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கோ மத்திய அமைப்புக்கோ எழுதலாம். மருத்துவரே நேரடியாகப் பரிந்துரைத்திருந்தால் மாநில மருத்துவ மன்றத்திலும் புகார் தரலாம். விளம்பரத் தாள், ரசீது, ஒப்புதல் படிவம் ஆகியவற்றின் நகல்களைப் புகாரோடு இணைத்து அனுப்புங்கள்.