உள்வட்டம்: சொல்லும் கணக்கும்

வேலூர்ப் பக்கம் வட்டம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தாலுகா. குடியாத்தம் வட்டம், காட்பாடி வட்டம், அணைக்கட்டு வட்டம்: ஒன்றுகூட உருண்டையாக இல்லை. சுற்றுவட்டாரம் என்ற பொருளில் நிற்கிற சொல் அது. கணக்கு வாத்தியார் சொல்லும் வட்டத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

முக்கோணத்துக்குள் இருந்துகொண்டு மூன்று பக்கங்களையும் தொடுகிற வட்டமே உள்வட்டம். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் இன்சர்கிள் என்பார்கள். "உள்ள எங்கனா போட்டுக்கலாமா சார்?" என்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு குரல் எழும். நியாயமான கேள்விதான், சொல்லில் ‘உள்’ இருக்கிறது, ‘தொடு’ இல்லை. யூக்ளிட் தன் நான்காம் புத்தகத்தில் வரையறுக்கும்போதே எல்லாப் பக்கங்களையும் தொட வேண்டும் என்று கட்டிப்போட்டுவிட்டார். வரையும் வழியும் அங்கேயே உண்டு: இரண்டு கோணங்களை இருசமமாக வெட்டினால், வெட்டிகள் சந்திக்கும் புள்ளிதான் உள்வட்ட மையம். ஆம்பூரில் ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சிய முக்கோணத் தோல் துண்டில், முடிந்தவரை பெரிய வில்லை ஒன்று வெட்டச் சொன்னால் கத்தி போகும் தடமும் இதேதான்.

‘வட்டம்’ எங்கிருந்து வந்தது என்பதில் இரு கட்சி. விருத்தம் என்ற வடசொல் பிராகிருதத்தில் ‘வட்ட’ ஆகி இங்கே வந்தது என்பார் ஒரு சாரார். வளைவைக் குறிக்கும் ‘வள்’ என்ற தமிழ் வேரிலிருந்து வந்தது என்பார் மறு சாரார். அரங்கின்றி வட்டாடுவதைக் குறள் பேசுகிறது. அந்த ‘வட்டு’ இரண்டாம் கட்சிக்குக் கொஞ்சம் தெம்பு. ‘ஆரம்’ என்பதில் தகராறு இல்லை, வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்புக்கு ஒரு வழி சொல்கிறது: வட்டத்தில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு, குழி வரும். அங்கே ‘வட்டம்’ என்பது சுற்றளவு, ‘குழி’ என்பது பரப்பு. உள்வட்ட ஆரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முக்கோணத்தைப் பார்த்தால் அதே வாய்பாடு வருகிறது. மையத்திலிருந்து மூன்று முனைகளுக்கும் கோடு இழுங்கள். கிடைக்கும் மூன்று சின்ன முக்கோணங்களுக்கும் உயரம் ஒன்றே, அதுதான் ஆரம். ஆகவே பரப்பு = அரைச் சுற்றளவு × ஆரம். பக்கங்கள் 13, 14, 15 என்றால் அரைச் சுற்றளவு 21, பரப்பு 84, ஆரம் 4.

அதிகம் குழப்புவது ‘வெளிவட்டம்’. மூன்று முனைகள் வழியாக வெளியே சுற்றிப் போகும் வட்டம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதன் பெயர் சுற்றுவட்டம். வெளிவட்டம் என்பது முக்கோணத்துக்கு வெளியே இருந்து, ஒரு பக்கத்தையும் மற்ற இரு பக்கங்களின் நீட்சியையும் தொடுவது. ஒரு முக்கோணத்துக்கு மூன்று உண்டு. ‘வெளித்தொடு வட்டம்’ என்று வைத்திருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். பாடநூல் வழக்கை மாற்ற நான் யார்!

உள்வட்டம், வெளிவட்டம் என்ற இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும் கணக்கு ஒன்று உண்டு. 1964இல் மாஸ்கோவில் நடந்த சர்வதேச கணித ஒலிம்பியாடின் மூன்றாவது கேள்வி. உள்வட்டத்துக்கு, பக்கங்களுக்கு இணையாக மூன்று தொடுகோடுகள் வரைகிறோம். ஒவ்வொன்றும் ஒரு மூலையைச் சின்ன முக்கோணமாக வெட்டி எடுக்கிறது. அந்த மூன்றிலும் உள்வட்டம் போட்டு, நான்கு வட்டங்களின் பரப்பையும் கூட்ட வேண்டும்.

மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தின் கண்ணால் பாருங்கள். பெரியதற்கு உள்வட்டமாக இருந்த அதே வட்டம், சின்னதற்கு வெளிவட்டம். ஒரு புள்ளியிலிருந்து வட்டத்துக்கு வரையும் இரு தொடுகோடுகளும் சமம். அதை வைத்துப் பார்த்தால், மூலையிலிருந்து வட்டத்துக்குப் போகும் தொடுகோட்டு நீளமே சின்ன முக்கோணத்தின் அரைச் சுற்றளவு. அந்த நீளமோ, பெரிய முக்கோணத்தின் அரைச் சுற்றளவில் எதிர்ப்பக்கத்தைக் கழித்தது. நம் 13, 14, 15இல் அவை 8, 7, 6. சின்ன முக்கோணங்கள் பெரியதற்கு வடிவொத்தவை. விகிதங்கள் 8/21, 7/21, 6/21. பரப்புக்கு விகிதங்களை வர்க்கப்படுத்த வேண்டும்: 64, 49, 36 கூட்டினால் 149, பெரிய வட்டத்துக்காக 441 சேர்த்தால் 590. பெரிய வட்டத்தின் ஆரம் 4, பரப்பு 16π. ஆகவே விடை 16π × 590/441.

ஆரங்களை மட்டும் கேட்டிருந்தால் இன்னும் சுலபம். 8, 7, 6 கூட்டினால் 21 ஆகிவிடுவதால், மூன்று சின்ன வட்டங்களின் ஆரங்களும் சேர்ந்து பெரிய வட்டத்தின் ஆரமே வரும். இந்தியாவில் கணித ஒலிம்பியாடுக்கான முதல்கட்டத் தேர்வான ஐஓகியூஎம்மில் விடைகள் 00 முதல் 99 வரையான முழு எண்கள். இந்தக் கேள்வி அங்கே வந்தால் ஓஎம்ஆர் தாளில் 04 என்று நிரப்ப வேண்டும்.