பன்னிரண்டாம் வளைவு டீக்கடையும் ஒரு காட்மியம் உப்பும்

நாங்கள் ஐந்து பேர். சேலத்தில் ஒன்றாகப் படித்தவர்கள், இப்போது ஆளுக்கொரு திசை. ஒருவன் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம், ஒருவன் ஏற்காட்டில் காபித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதுகிறான், மற்றவர்களைப் பற்றி இங்கே தேவையில்லை. எங்கள் வாட்ஸப் குரூப்பில் பூப்படம் போட்ட குட்மார்னிங்குக்குத் தடை. அதற்குப் பதிலாக ஒரு விளையாட்டு வைத்தோம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து 'ஏதாவது ஒரு கட்டுரை' என்பதை ஆளுக்கு மூன்று தடவை அழுத்த வேண்டும். வந்ததில் விசித்திரமாக ஏதாவது இருந்தால் குரூப்பில் போட வேண்டும்.

விசித்திரம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். ஊராட்சி வரும், சட்டமன்றத் தொகுதி வரும், வாயில் நுழையாத பெயரோடு ஒரு வேதிச் சேர்மம் வரும். மூன்றாவது வாரம் ஒருநாள் மளிகைக்காரன் ஏதோ ஒரு காட்மியம் உப்பைப் போட்டான். உடனே ஏற்காட்டிலிருந்து பதில்: "மாப்ள, இது போன வாரமே எனக்கு வந்துச்சுடா." தேடிப் பார்த்தால் நிஜம்தான், அதே கட்டுரை. ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் கிடக்கிற இடத்தில் இரண்டு பேருக்கு ஒரே காட்மியம் உப்பு எப்படி வரும்? "போன் நாம பேசுறத ஒட்டுக் கேக்குது" என்றான் மளிகைக்காரன். காட்மியத்தைப் பற்றி நாம் எப்போதடா பேசினோம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

ஒட்டுக் கேட்பதெல்லாம் இல்லை. இதில் இரண்டு கணக்கு ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. முதல் கணக்கு பலருக்குத் தெரிந்ததுதான்: 23 பேர் இருக்கிற வகுப்பில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். ஆட்கள் 23 என்றாலும் ஜோடிகள் 253 என்பதுதான் காரணம். எங்கள் கதையில் ஐந்து பேர், ஆளுக்கு மூன்று, ஒரு நாளைக்கு 15 அழுத்தல், மூன்று வாரத்தில் 315. ஜோடி போட்டுப் பார்த்தால் 49,455. கட்டுரைகள் 1 லட்சத்து 60 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஒன்று திரும்ப வரும் வாய்ப்பு 27 சதவீதத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அதுவே நாம் நினைத்ததைவிட எவ்வளவோ அதிகம்.

ஆனால் எல்லாக் கட்டுரைக்கும் சம வாய்ப்பு இருந்தால் மட்டுமே இந்த 27. அந்தச் சமம் அங்கே இல்லை. உண்மையான வாய்ப்பு 46 சதவீதத்தை ஒட்டி வருகிறது, கிட்டத்தட்ட பூவா தலையா போல. 'ஏதாவது ஒரு கட்டுரை' என்பது சரியான குலுக்கல் இல்லை என்று விக்கிப்பீடியாவின் உதவிப் பக்கமே ஒப்புக்கொள்கிறது. எனக்கு இதில்தான் சுவாரசியம்.

அது வேலை செய்வது இப்படி. விக்கிப்பீடியாவை ஓட்டும் மென்பொருளின் பெயர் மீடியாவிக்கி. யாராவது புதுக் கட்டுரை ஒன்றைத் தொடங்கியதுமே அது அந்தப் பக்கத்துக்கு 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு தசம எண்ணைக் குலுக்கிப் போட்டுக் கொடுத்துவிடும். 0.41739… என்பது போல. பிறந்த நேரத்தில் எழுதிய ஜாதகம் மாதிரி, அதற்கப்புறம் அது மாறுவதில்லை. நீங்கள் பொத்தானை அழுத்தும்போது இன்னொரு குலுக்கல் எண் விழுகிறது, 0.41702 என்று வையுங்கள். அதற்குச் சமமாகவோ அதற்கு அடுத்த பெரிய எண்ணாகவோ எந்தக் கட்டுரை வைத்திருக்கிறதோ, அது உங்கள் திரைக்கு வரும். அவ்வளவுதான் மொத்த இயந்திரமும்.

ஏற்காடு போகிற ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடிவாரம் 0, மேலே ஏரி 1, நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் அங்கங்கே டீக்கடைகள். எவரும் திட்டம் போட்டு வைக்கவில்லை, அவரவருக்குத் தோன்றிய இடத்தில் கடை போட்டிருக்கிறார்கள். இப்போது உங்களைக் கண்ணைக் கட்டி ரோட்டில் எங்கேயாவது இறக்கிவிடுகிறோம். நீங்கள் மேல்நோக்கி நடந்து, முதலில் வருகிற கடையில் டீ குடிக்க வேண்டும், இதுதான் விதி. பதினோராம் வளைவில் அடுத்தடுத்து மூன்று கடை ஒட்டிக்கொண்டு இருக்கிறது, அப்புறம் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றுமில்லை, பன்னிரண்டாம் வளைவில் தனியாக ஒரு கடை. யாருக்கு வியாபாரம்? அந்த ஒரு கிலோமீட்டருக்குள் எங்கே இறங்கினாலும் வந்து சேர்வது பன்னிரண்டாம் வளைவுக்காரரிடம்தான். ஒட்டி நிற்கிற மூன்றில் நடுக்கடைக்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான், அவர் கடைக்கும் கீழ்க்கடைக்கும் நடுவில் இருக்கிற பத்தடியில் யாராவது இறங்கினால்தான் அவருக்கு ஒரு டீ. டீ நன்றாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடைக்குக் கீழே எவ்வளவு தூரம் காலியாகக் கிடக்கிறது என்பது ஒன்றே கணக்கு.

கட்டுரைகளுக்கும் அதே கதிதான். குலுக்கிப் போட்டால் எல்லாம் சம தூரத்தில் விழும் என்று நமக்கு ஒரு நினைப்பு. அப்படி விழாது. அரிசியைத் தரையில் வீசிப் பாருங்கள், ஒரு பக்கம் குவியும், ஒரு பக்கம் வெறிச்சென்று கிடக்கும். கணக்காகச் சொன்னால், நூற்றில் 63 கட்டுரைகளுக்குச் சராசரியைவிடக் குறைந்த இடைவெளிதான் கிடைக்கும். பத்தில் ஒன்றுக்கு, தனக்கு நியாயமாக வரவேண்டிய பங்கில் பத்தில் ஒரு பாகம்கூடத் தேறாது. நூற்றில் ஐந்து மட்டும் மூன்று மடங்குக்கு மேல் சுருட்டிக்கொள்ளும். 1 லட்சத்து 60 ஆயிரம் கட்டுரைகளில் ஆகப் பெரிய அதிர்ஷ்டசாலிக்குச் சராசரியைப் போல 12 மடங்கு. உச்சிக் கடையையும் தாண்டி இறக்கிவிடப்பட்டவர் கதி? அவரை மறுபடி அடிவாரத்துக்குக் கொண்டுவந்து, கீழிருந்து முதல் கடைக்கு அனுப்பிவிடுகிறது மென்பொருள். அந்த அடிவாரக் கடைக்காரருக்கு அது ஒரு போனஸ்.

இந்த அதிர்ஷ்டம் நிரந்தரமும் இல்லை. புதுக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. ரோட்டில் காலி இடம் எங்கே அதிகமோ அங்கேதான் புதுக் கடை விழவும் வாய்ப்பு அதிகம், விழுந்தால் பன்னிரண்டாம் வளைவுக்காரரின் ஒரு கிலோமீட்டர் இரண்டாக அறுபடும்.

இதையே சேலம் பழைய பஸ் ஸ்டாண்டிலும் பார்க்கலாம். சராசரியாகப் பத்து நிமிஷத்துக்கு ஒரு டவுன் பஸ், ஆனால் நேரம் ஒழுங்கில்லாமல் வருகிறது என்று வையுங்கள். சராசரியாக ஐந்து நிமிஷம் காத்திருந்தால் போதும் என்று தோன்றும், பத்து நிமிஷம் ஆகும். நாம் போய் நிற்கிற நேரம் ஒரு நீண்ட இடைவெளிக்குள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்புதான் அதிகம், ஏனென்றால் நீண்ட இடைவெளிதான் கடிகாரத்தில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. 'நான் போனா மட்டும் பஸ் வராது' என்று புலம்புகிறவர்கள் பக்கம் கணிதம் நிற்கிற அபூர்வமான இடம் இது. அதே மாதிரி, பொத்தானை அழுத்தி நீங்கள் போய் விழுகிற கட்டுரை, சராசரியாக இரண்டு மடங்கு இடைவெளி உள்ள ஒரு கட்டுரையாகத்தான் இருக்கும். முன்னால் சொன்ன 27 சதவீதம் 46 ஆனதும் இதனால்தான்.

சரி, ஏன் இப்படி அரைகுறையாகச் செய்ய வேண்டும்? எல்லாவற்றுக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டு ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்தால் போதாதா என்று கணக்கு எழுதுகிறவனே கேட்டான். அவனுக்கு அவன் பாஷையிலேயே சொன்னேன். உன் பில் புக்கில் கான்சல் ஆன பில் எத்தனை? விக்கிப்பீடியாவிலும் பக்கத்துக்கு வரிசை எண் உண்டு. ஆனால் நீக்கப்பட்ட பக்கங்கள், வேறொன்றுக்குத் திருப்பிவிடுகிற வெறும் வழிமாற்றுப் பக்கங்கள், கட்டுரையைப் பற்றி விவாதிக்கிற பேச்சுப் பக்கங்கள் எல்லாம் அந்த எண்களைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் ஓட்டை ஓட்டையாக இருக்கிற வரிசையில் 'நல்ல பில்லாகப் பார்த்து 84,312-ஆவதை எடு' என்றால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை. தசம எண்ணை ஏறுவரிசையில் அடுக்கி வைத்துவிட்டால், அகராதியில் சொல் தேடுகிற மாதிரி பாதி பாதியாகப் பிரித்தே போய்விடலாம். 1 லட்சத்து 60 ஆயிரத்தில் தேட 18 தடவை பிரித்தால் போதும், 70 லட்சம் கட்டுரை இருக்கிற ஆங்கில விக்கிப்பீடியாவுக்கும் 23 தான். தரவுத்தள அட்டவணைகள் ஒரே வெட்டில் நூற்றுக்கணக்கான கிளையாகப் பிரிகிறவை என்பதால் நிஜத்தில் அதைவிடவும் குறைவு. காட்மியம் உப்புக்கு நியாயம் கிடைப்பதைவிடப் பக்கம் சட்டென்று திறப்பது முக்கியம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள், என்னைக் கேட்டால் சரியான முடிவுதான்.

விசித்திரக் கட்டுரைகளுக்கு வருகிறேன், விளையாட்டு தொடங்கியதே அதற்காகத்தானே. பொத்தானை நம்பியிருந்தால் நாங்கள் எப்போதோ குரூப்பை மூடியிருப்போம். எங்களுக்குக் கிடைத்த நல்ல சரக்கெல்லாம் பொத்தான் இறக்கிவிட்ட இடத்திலிருந்து நீல இணைப்புகளைப் பிடித்துப் பக்கவாட்டில் நடந்தபோது கிடைத்ததுதான். மளிகைக்காரன் வெல்லப்பாகில் தொடங்கி பாஸ்டன் நகருக்குப் போனான். 1919 ஜனவரி 15 அன்று அங்கே ஒரு ராட்சதத் தொட்டி வெடித்து சுமார் 87 லட்சம் லிட்டர் கழிவுப்பாகு தெருவில் அலையாகப் பாய்ந்து 21 பேர் செத்திருக்கிறார்கள். அன்றிரவு தன் குடோனில் அடுக்கியிருந்த பாகு டின்களை ஒரு மாதிரிப் பார்த்ததாகச் சொன்னான்.

எந்த இணைப்பைப் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். ஆங்கில விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையை எடுத்தாலும், அடைப்புக்குறிக்குள் இருப்பதை விட்டுவிட்டு முதல் இணைப்பையே தொடர்ந்து அழுத்திக்கொண்டு போனால், நூற்றுக்குத் தொண்ணூறு தடவைக்கு மேல் 'தத்துவம்' என்ற கட்டுரையில் போய் முட்டும். மாயமெல்லாம் இல்லை. கலைக்களஞ்சியத்தின் முதல் வாக்கியம் 'இது இன்ன வகை' என்று சொல்கிற வாக்கியம். மல்கோவா ஒரு மாம்பழம், மாம்பழம் ஒரு கனி, கனி தாவரத்தின் ஓர் உறுப்பு என்று ஒவ்வொரு படியும் பொதுவானதை நோக்கி ஏறுகிறது, ஏறி ஏறிக் கடைசியில் அறிவு, இருப்பு என்று மேகமூட்டத்துக்குள் போய்விடும். அங்கே விசித்திரம் எதுவும் கிடைக்காது. விசித்திரம் மூன்றாவது பத்தியின் நடுவில், பெயர்க் காரணம் சொல்கிற வரியில் ஒளிந்திருக்கும்.

ஏற்காட்டு நண்பன் அப்படித்தான் ஒருநாள் சேர்வராயன் மலையில் தொடங்கினான். அந்த மலையின் பாறை சார்னாக்கைட் என்று வந்தது. நாம் கருங்கல் என்று சொல்லிவிட்டுப் போவதுதான், புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் தடவின மாதிரி ஒரு மங்கலான மினுமினுப்பு இருக்கும். பூமிக்கு அடியில் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, எழுநூறு டிகிரிக்கு மேல் சூட்டில், தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும்போது உருவாகிற பாறை. சாதாரணக் கருங்கல்லில் இருக்கிற காக்காய்ப்பொன் போன்ற கனிமங்கள் தங்களுக்குள் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சூட்டில் அது வெளியேறிவிட, வேறு கனிமங்களாக மாறுகின்றன, கல்லுக்கு அந்தக் கரும்பச்சை நிறம் வருகிறது. இங்கே அது நடந்து சுமார் 250 கோடி வருடம் ஆகிறது.

அப்புறம் பெயர்க் காரணத்தை அழுத்தினான். அது கல்கத்தாவில், செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிற ஒரு கல்லறைக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறை. அதன்மேல் இருக்கிற கல் வங்காளத்துக் கல்லே இல்லை, நம் சென்னைப் பக்கத்துப் பல்லாவரம் வகை. 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் இந்தப் பாறை வகைக்கு அந்தக் கல்லறைக்காரரின் பெயரையே வைத்துவிட்டார். கல்கத்தாவை நிறுவியவர் என்று வெகுகாலம் சொல்லப்பட்ட அந்த சார்னாக்கை அப்படிச் சொல்லக்கூடாது என்று 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நகரம் கையைவிட்டுப் போனாலும் பாறை அவர் பேரில்தான் இருக்கிறது. "நான் தினமும் டிபன் பாக்ஸ் வச்சு சாப்பிடுற பாறைக்கு வெள்ளைக்காரன் சமாதிக்கல் பேராடா" என்று நண்பன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான், பின்னால் மழைச் சத்தம்.

கடைசியாக அந்த காட்மியம் உப்பு. அது பன்னிரண்டாம் வளைவுக் கடை மாதிரி ஒன்றா என்று மளிகைக்காரன் கேட்டான். ஒரு தடவை கண்ணில் பட்ட கட்டுரைக்குச் சராசரியாக இரண்டு மடங்கு இடைவெளி என்றேனே, இரண்டு தடவை பட்டதென்றால் அது மூன்று மடங்கு, மூன்றாவது தடவையும் பட்டால் நான்கு. மூன்றாவது தடவை வந்தால் எல்லோருக்கும் பிரியாணி தன் செலவு என்று பந்தயம் கட்டினான். மூன்று மடங்கு இடைவெளி, நாளைக்கு 15 அழுத்தல் என்று போட்டுப் பார்த்தேன், வருவதற்குச் சராசரியாகப் பத்து வருடம் ஆகும். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் ஒன்பது மணிக்கு முதல் ஆளாக அழுத்துவது அவன்தான்.