விரிசல் விட்டுப் பிழைக்கும் சுவர்

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "நிலநடுக்கத்துக்குப் பிறகு எடுத்த படம் ஒன்றைப் பார்த்தேன். கான்கிரீட் கட்டடம் மாடி மேல் மாடியாக உட்கார்ந்துவிட்டது. பக்கத்திலேயே மரச்சட்டமும் கல்லும் மண்ணுமாக ஒரு பழைய வீடு, பூச்சு உதிர்ந்து, ஆனால் நிற்கிறது. இது நிஜமா, கணினியில் செய்த வேலையா?"

நிஜமாகவே அப்படி நடக்கும். 1999 ஆகஸ்ட் 17 அன்று துருக்கியை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, கோல்ஜுக் நகரின் ஒரு பகுதியில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 814 கான்கிரீட் கட்டடங்களில் 60 விழுந்தோ, பெரிதாகச் சிதைந்தோ போயிருந்தன. மரச்சட்டத்துக்குள் செங்கல் அடைத்த பழைய 'ஹிமிஷ்' வீடுகள் 789. அவற்றில் அந்தக் கதிக்கு ஆளானவை 4. கான்கிரீட் கட்டடங்கள் நான்கு முதல் ஏழு மாடி, பழைய வீடுகள் இரண்டு மூன்று மாடிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் அந்த 4 யோசிக்க வைக்கிறது.

இதே குடும்பத்தில் எனக்கு மிகப் பிடித்தது காஷ்மீரின் 'தஜ்ஜி தேவாரி'. பெயருக்கு ஒட்டுத்துணிச் சுவர் என்று பொருள் சொல்கிறார்கள். கிழிந்த துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை மாதிரிதான் பார்க்கவும் இருக்கும். மரத் தூண்கள், அவற்றுக்கிடையே கிடைச்சட்டங்கள், மூலைவிட்டமாகச் சில சட்டங்கள். இப்படிப் பிரிந்த சின்னச் சின்னக் கட்டங்களில் கையளவு கற்களைத் திணித்து, சேற்று மண்ணால் அடைத்து, மேலே மண் பூச்சு. அவ்வளவுதான். 1885-இல் காஷ்மீரில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது ஸ்ரீநகரில் இருந்த பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்தர் நீவ், பாரமான பெரிய கட்டடங்கள் சரிந்ததையும் மரம் கலந்த வீடுகள் மொத்தமாக ஆடி நிமிர்ந்ததையும் குறித்து வைத்தார்.

எப்படி நிற்கிறது?

நிலம் ஆடும்போது கட்டடத்தை யாரும் வெளியிலிருந்து தள்ளுவதில்லை. அடித்தளம் நிலத்தோடு போகிறது. மேலே உள்ள எடை இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பேருந்து சட்டென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்கிற அதே சங்கதி. எடை கூடினால் விசையும் கூடும். நியூட்டன், பள்ளியில் படித்ததுதான். தஜ்ஜி சுவரின் தடிமன் சுமார் 10 செ.மீ. அதே மலைகளில் வெறும் கல்லை அடுக்கிக் கட்டும் சுவர் அரை மீட்டர் வரும். ஆக, எடையில் முதல் லாபம்.

சரி, எடை மட்டும் காப்பாற்றாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் நிலம் கட்டடத்துக்குள் ஆற்றலைக் கொட்டுகிறது. அது எங்காவது போயாக வேண்டும். போக வழியில்லை என்றால் எங்கோ ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு போகும். நல்ல கான்கிரீட் கட்டடத்தில் உள்ளே இருக்கும் கம்பி முன்னும் பின்னும் வளைந்து அதைத் தின்றுவிடும். (ஒரு கம்பியைக் கையில் வேகமாக வளைத்து வளைத்துப் பாருங்கள், மடிப்பு சுடும்.) தூணும் உத்தரமும் சேருமிடத்தில், நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையங்களில் மிச்சம் பிடித்திருந்தால், கம்பிக்கு வளைய வாய்ப்பு கிடைப்பதற்கு முன்பே கான்கிரீட் நொறுங்கிவிடும்.

தஜ்ஜியில் தின்கிற வேலையைச் செய்வது உராய்வு. நான்கு குச்சிகளை எடுத்து, மூலைக்கு ஓர் ஆணி வீதம் அடித்து ஒரு செவ்வகச் சட்டம் செய்யுங்கள். மேல் மூலையைத் தள்ளினால் எதிர்ப்பே இல்லாமல் இணைகரமாகச் சாயும். அதற்குள் கூழாங்கற்களை நெருக்கித் திணித்து, இடுக்குகளில் களிமண் அடைத்து, இரண்டு நாள் காயவிடுங்கள். இப்போது தள்ளினால் முதலில் அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஓரத்தில் மண் விட்டுக்கொடுக்கும், கரகரவென்று ஒரு சத்தம் வரும். என்னைக் கேட்டால் இந்த முழு விஷயத்தின் அழகும் அந்தக் கரகரப்பில்தான் இருக்கிறது. கல்லும் கல்லும், கல்லும் மரமும், ஆணியும் மரமும் ஒன்றையொன்று உரசுகின்றன. நீங்கள் கொடுத்த ஆற்றலில் பெரும்பகுதி அங்கே வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. கையை எடுத்தால் சட்டம் ஸ்பிரிங் மாதிரி திருப்பி அடிப்பதில்லை. ஒரு வீட்டில் இப்படி ஆயிரக்கணக்கான உரசல்கள், நொடிக்குச் சில தடவை. நில அதிர்வை மெதுவாக அரைத்துத் தீர்க்கும் இயந்திரம் என்றே சொல்லலாம்.

"அப்படியானால் மண்ணுக்குப் பதில் சிமென்ட் போட்டால் இன்னும் பலமாக இருக்குமே?" என்று தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் சிமென்ட் கற்களை ஒரே பாளமாக இறுக்கிவிடுகிறது. அந்தப் பாளம் உரசாது. சட்டத்தின் மூலையைப் போய் முட்டும். தாங்குகிற வரை தாங்கி, அப்புறம் மூலைக்கு மூலை ஒரே விரிசலாகப் பிளக்கும். மண் அப்படி இல்லை, சீக்கிரமே விரிசல் விட்டுவிடும். அது நூறு சின்ன விரிசல். ஒவ்வொன்றும் அடுத்த மரச்சட்டம் வரை போய் அங்கேயே நின்றுவிடும். சுவர் தளர்ந்து ஆட ஆட வீட்டின் அலைவுக்காலமும், அதாவது ஒரு தடவை ஆடித் திரும்ப எடுக்கும் நேரமும், நீளும். படபடவென்று அடிக்கும் அதிர்வோடு அது ஒத்து ஆடாது.

1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் தரைமட்டமான பிறகு, போர்ச்சுகலின் பொறியாளர்களும் கிட்டத்தட்ட இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். சுவருக்குள் பெருக்கல் குறி போட்ட மரக்கூண்டு. பெயரே 'கயோலா', கூண்டு. மாதிரி ஒன்றைக் கட்டி, சுற்றிலும் படைவீரர்களை அணிவகுத்து நடக்கவிட்டு ஆட்டிப் பார்த்தார்கள் என்று சொல்வார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்ததும் "முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது" என்று ஒரு கூட்டம் கிளம்பும். 2005 அக்டோபர் 8 அன்று காஷ்மீரில் 7.6 அளவு நிலநடுக்கம் வந்தது. 70,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நொறுங்கியவற்றில் மோசமாகக் கட்டிய கான்கிரீட் பள்ளிகளும் உண்டு, பாரமான மண்கூரையைச் சுமந்த வெறும் கல் வீடுகளும் உண்டு. அவற்றைக் கட்டியதும் அதே முன்னோர்தான். தஜ்ஜியிலும் மரம் உளுத்திருந்தால், இணைப்பில் ஆணி சரியில்லை என்றால், காப்பாற்றாது. மரபு என்பதற்காகக் கும்பிடவும் வேண்டாம், மண் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம்; ஆட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒதுக்கத்தான் செய்தார்கள். பாகிஸ்தான் அரசு தன் வசமுள்ள பகுதியில் இடிந்த வீட்டுக்கு 1,75,000 ரூபாய் உதவி அறிவித்தது, தவணை தவணையாக, அரசு ஏற்ற முறையில் கட்டினால். அந்தப் பட்டியலில் முதலில் தஜ்ஜி இல்லை. லாரி ஏறாத மலைக் கிராமத்துக்குச் சிமென்டும் கம்பியும் எப்படிப் போகும்? மக்கள் காத்திருக்கவில்லை. இடிபாட்டிலிருந்தே சட்டத்தையும் கல்லையும் பொறுக்கி, நடுக்கத்தில் நின்ற பக்கத்து வீட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டத் தொடங்கினார்கள். முறை தெரிந்த தச்சர்கள் அங்கங்கே மிச்சமிருந்தார்கள். ஐ.நா.வின் வாழிட அமைப்பும் பொறியாளர்களும் எடுத்துச் சொன்ன பிறகு, 2006-இல் அரசு தஜ்ஜியை ஏற்றுக்கொண்டது. மங்கிக்கொண்டிருந்த ஒரு கைத்தொழில் பல்லாயிரம் வீடுகளாகத் திரும்பி வந்தது.

பெஷாவர் பொறியியல் பல்கலைக்கழகம் முழு அளவுச் சுவர்களைக் கட்டி இழுத்துத் தள்ளிச் சோதித்தது அதற்கும் பிறகு. சுவர்கள் வெகுதூரம் சாய்ந்தும் தாங்கின. பலவீனம் இருந்தால் அது மர இணைப்புகளில்தான் என்பதும் தெரிந்தது. இந்தச் சோதனை ஐம்பது வருடம் முன்பே நடந்திருக்கலாம். ஏழை வீட்டுச் சுவரை ஆட்டிப் பார்க்க ஆய்வுப் பணம் சுலபத்தில் வருவதில்லை. விற்க அதில் சரக்கு எதுவும் இல்லையே.

நடுக்கம் நின்ற பிறகு தஜ்ஜி வீட்டில் செய்ய வேண்டியது என்ன? நழுவி விழுந்த கற்களைத் திரும்பச் செருகி, தளர்ந்த ஆணிகளை இறுக்கி, தரையில் கொட்டிக் கிடக்கும் அதே மண்ணை அள்ளித் தண்ணீர் விட்டுக் குழைத்து மறுபடி பூச வேண்டும்.