எலி கடித்தால்தான் எலிக்காய்ச்சலா?

பிசானப் பருவ நெல் நடவு தொடங்கிய சில வாரங்களில் மஞ்சள் பூத்த கண்களோடு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுகிறார்கள். கடைசியாக வந்தவர் சேரன்மாதேவிப் பக்கம் நடவுக்குப் போகிற ஒரு அக்கா. மஞ்சள்காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்து, பத்தியம் இருந்திருக்கிறார். சிறுநீர் அநேகமாக நின்றுபோன பிறகுதான் கூட்டி வந்தார்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்றதும் மகன் கேட்டார்: “எலி ஒண்ணும் கடிக்கலியே டாக்டர்?”

எத்தனை தடவைதான் சொல்வது! எலி கடிக்க வேண்டியதே இல்லை. கடித்து வருகிற காய்ச்சல் வேறு, அதன் கிருமியும் வேறு. எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு ஒன்றும் ஆவதில்லை. அதுபாட்டுக்கு ஓடித் திரிந்து, போகிற இடமெல்லாம் சிறுநீரில் கிருமியை விட்டுக்கொண்டிருக்கும். மாடு, நாய், பன்றி மூலமும் பரவும். ஈரச் சேற்றில் அந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். “எங்க வீட்டில் எலியே கிடையாது” என்று சாதிப்பவர்களும் அந்தச் சேற்றுத் தொழியில்தானே நாள் முழுக்க நிற்கிறார்கள்?

அங்கே கிருமி சும்மா மிதப்பதில்லை. திருகாணிபோல் சுழன்று நீந்தும். தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களை உணர்ந்து, தனக்கு வேண்டியது இருக்கும் பக்கமாகப் போகும். 1993-இல் வெளியான ஒரு ஆய்வில், நோய் தரும் வகைகள் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை நோக்கி நகர்ந்தன; நோய் தராதவை நகரவில்லை. பித்தவெடிப்பில் ரத்தம் கசியக் கசியச் சேற்றில் இறங்குகிறீர்களே, யோசித்துப் பாருங்கள்.

நடவில் பூட்ஸ் போட்டு நிற்க முடியாது என்பது எனக்கும் தெரியும். சரி, காயத்தையாவது தண்ணீர் புகாத பிளாஸ்டர் போட்டு மூடுங்கள். காயம் பெரிதென்றால் ஆறும்வரை இறங்காதீர்கள். கரையேறியதும் வாய்க்கால் தண்ணீரில் அலசிவிட்டுப் போகாமல், வீட்டில் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

காய்ச்சலோடு கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கிறதா? பீளை இல்லாமல் கண் சிவந்திருக்கிறதா? மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள், அன்றைக்கே வாருங்கள். முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றுகூட வரலாம். அதனால் சந்தேகம் வலுவாக இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் நாங்கள் மருந்தைத் தொடங்கிவிடுவோம். டாக்சிசைக்ளினும் பெனிசிலினும் பழைய மருந்துகள்தான், சீக்கிரம் வந்தால் நன்றாகக் கேட்கும். ஆனால் எங்களுக்குச் சந்தேகம் வர வேண்டுமே! அதனால் தயவுசெய்து, வந்ததும் முதல் வார்த்தையாக வயலில் இறங்கியதைச் சொல்லிவிடுங்கள்.