வீட்டை எழுதி வாங்கிய பிள்ளை பார்த்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்யலாம்?

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், நாட்டின் சராசரியோ 8.6தான். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கினால் அதில் என்ன மிஞ்சும்? கடைசியில் பாரம் பிள்ளைகள் தலையில்தான் வந்து விழுகிறது. அவர்கள் கைவிட்டால் கேட்பதற்கென்றே 2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது.

சொந்த வருமானத்திலோ சொத்திலோ பிழைக்க முடியாத பெற்றோர் தங்கள் மகன், மகள், வயது வந்த பேரப்பிள்ளைகள் என யாரிடமும் ஜீவனாம்சம் கேட்கலாம். பெற்றோருக்கு 60 ஆகியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பிள்ளை இல்லாத மூத்த குடிமக்கள், தங்கள் சொத்தை அனுபவிக்கிற அல்லது தங்களுக்குப் பின் வாரிசாக வரப்போகிற உறவினரிடம் கேட்கலாம். மனுவை ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், அவர்தான் தீர்ப்பாயம். நீங்களே போய்ப் பேசலாம், வக்கீல் தேவையில்லை. 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி (காரணம் சொல்லி 30 நாள் நீட்டிக்கலாம்), அதுவரை இடைக்காலத் தொகையும் கேட்கலாம். ஜீவனாம்சம் மாதத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். இன்றைய மருத்துவச் செலவுக்கு இது போதவே போதாது என்பது என் கருத்து.

சரி, வீட்டை ஏற்கெனவே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தாயிற்று, அப்புறம்? இங்கேதான் 23ஆம் பிரிவு வருகிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு, இந்தச் சட்டம் வந்த பிறகு எழுதின பத்திரமாக இருந்து, பிள்ளை அதை மீறினால், பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு, முதியவர்களுக்குச் சாதகமாகச் சட்டத்தைத் தாராளமாகப் பார்க்கச் சொன்னது. அதை நம்பிப் பத்திரத்தை மொட்டையாக விட வேண்டாம். "அன்பின் பேரில்" என்று எழுத்தர் வழக்கமாகப் போடுகிற வரிக்குக் கீழே, சாப்பாடு, மருத்துவம், ஆயுள் முழுக்க அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மகன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

உத்தரவு சாதகமாக இல்லையென்றால் 60 நாளுக்குள் மேல்முறையீடு. எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் கிடையாது.