ஹெட்மாஸ்டர் போட்ட பிறந்தநாளும் லண்டனில் தடுப்பூசியும்: 65 தாண்டியவர்களுக்கு என்ன உண்டு, எங்கே பதிவது

என் சித்தப்பா பிறந்தது 1958, ஐப்பசி மாதம். தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பாஸ்போர்ட்டில் இருப்பது 1958 ஜூன் 1. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று ஹெட்மாஸ்டர் போட்டுக்கொடுத்த தேதி அது. எங்கள் ஊரில் அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கிறார்கள்! அந்த ஐந்து மாத வித்தியாசத்தால் அறுபது வருஷமாக எந்தக் கஷ்டமும் வந்ததில்லை. லண்டனில் அக்கி (ஷிங்கிள்ஸ்) ஊசி கேட்டுப் போனபோதுதான் வந்தது.

சித்திக்கு அந்த ஊசி இரண்டு தவணையும் போட்டாயிற்று. சித்தி 1959இல் பிறந்தவர், சித்தப்பாவைவிட இளையவர். பெரியவருக்கு இல்லை, சின்னவருக்கு உண்டு என்றால் யாருக்குத்தான் புரியும்? ஆள் தெரியாமல் பேசுகிறார்கள் என்று சித்தப்பா இரண்டு தடவை சண்டை போட்டுவிட்டு வந்தார். ரிசப்ஷனில் இருந்த பெண் சொன்னது சரிதான். விதி அப்படி.

இங்கிலாந்தில் அக்கிக்கு 2023 செப்டம்பர் 1 வரை 70 வயது நிரம்பியவர்களுக்குத்தான் இலவச ஊசி. அன்றிலிருந்து வயதைப் படிப்படியாக இறக்க முடிவு செய்தார்கள். முதல் ஐந்து வருஷம், அதாவது 2028 வரை, புதிதாக 65ஐத் தொடுபவர்களும் 70ஐத் தொடுபவர்களும். அதற்கப்புறம் 60க்கு இறங்கும். இதில் 2023 செப்டம்பர் 1க்கு முன்பே 65ஐத் தாண்டிவிட்டவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் 70 நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். பிறந்த தேதியில் சொன்னால் இன்னும் எளிது: 1958 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவருக்கு 65 முடிந்ததுமே உண்டு. ஒரு நாள் முன்னால் பிறந்திருந்தாலும் 70இல்தான்.

பாட்டியின் கணக்குப்படி சித்தப்பாவுக்கு 2023 நவம்பரிலேயே கிடைத்திருக்கும். ஹெட்மாஸ்டர் கணக்குப்படி 2028 ஜூன் 1. என்ஹெச்எஸ் (இங்கே அரசு நடத்தும் மருத்துவ சேவை) கம்ப்யூட்டருக்குப் பாட்டியைத் தெரியாது. பிறந்த தேதியை மாற்றலாமா என்று கேட்டார். ஒரு ஊசிக்காக அதில் கை வைக்காதீர்கள் என்றுதான் நான் சொன்னேன். பாஸ்போர்ட், பென்ஷன், வங்கி எல்லாம் ஒரு தேதியிலும் ஆஸ்பத்திரிப் பதிவு மட்டும் வேறு தேதியிலும் இருந்தால் அது வேறொரு தலைவலி. தனியாரிடம் காசு கொடுத்துப் போடலாம்தான், ஆனால் இரண்டு ஊசிக்கும் சேர்த்துப் பல நூறு பவுண்டு ஆகும்.

அக்கியைப் பற்றி நம்மவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. ஊரில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்கு அழைத்துப் போய்க் காவி கரைத்து எழுதுவார்கள். சின்ன வயசில் வந்துபோன சின்னம்மைக் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து, உடம்பு தளரும் காலத்தில் கொப்புளமாகக் கிளம்புவதுதான் அது. கொப்புளம் ஆறிவிடும், வலி மாதக்கணக்கில் நிற்கும். அதனால்தான் வயதானவர்களுக்கு இந்த ஊசி. எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு மேலே சொன்ன வயதுக் கணக்கு கிடையாது. 2025 செப்டம்பரிலிருந்து அவர்களுக்கு 18 வயது முதலே உண்டு. புற்றுநோய்க்கு கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் எல்லாம் வயதைப் பார்க்காமல் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். இன்னொன்று, பல சைவ வீடுகளில் கேட்கும் கேள்வி: முன்பு போட்ட அக்கி ஊசியில் பன்றி ஜெலட்டின் இருந்தது. இப்போது போடும் ஷிங்ரிக்ஸில் இல்லை.

சரி, சித்தப்பாவுக்கு வேறு என்னதான் உண்டு? அவர் கணக்கையே வைத்துப் பார்த்தால் மொத்த விதியும் விளங்கிவிடும். ஃப்ளூ ஊசி உண்டு, வருஷா வருஷம். 65 நிரம்பிய எல்லோருக்கும், அந்தக் குளிர்காலம் முடிந்து மார்ச் 31க்குள் 65ஐத் தொடப்போகிறவர்களுக்கும் அது இலவசம். நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசியும் உண்டு. 65க்கு மேல் பெரும்பாலானோருக்கு ஆயுளில் ஒரே ஒரு தடவை, எந்த மாதத்திலும் போடலாம். இதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். சீசன் இல்லாததால் விளம்பரமும் இல்லை.

கோவிட் ஊசி அவருக்கு இல்லை. 2024 இலையுதிர்காலத்தில் 65 நிரம்பியவர்களுக்குப் போட்டார்கள், அவரும் போட்டுக்கொண்டார். 2025இல் அதை 75 ஆக உயர்த்திவிட்டார்கள். 75 நிரம்பியவர்கள், முதியோர் இல்லங்களில் இருக்கும் பெரியவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் மட்டும்தான். போன வருஷம் போட்டார்களே என்ற நினைப்பில் அக்டோபரில் சித்தப்பா மருந்துக்கடைக்கு நேராகப் போய், இரண்டு கையிலும் இரண்டு ஊசி என்று சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு கையில் ஃப்ளூவோடு திரும்பி வந்தார். ஆர்எஸ்வி ஊசியும் இப்போது இல்லை. நுரையீரலைத் தாக்கும் ஒரு சளிக் கிருமிக்கு எதிரான ஊசி இது, 2024 செப்டம்பரில் வந்தது, ஒரே தவணை. 75 முதல் 79 வரை என்று ஆரம்பித்தார்கள். சித்தப்பா 75ஐத் தொட இன்னும் வருஷங்கள் இருக்கின்றன.

இனி எங்கே பதிவது என்ற கதை. எங்கள் வட்டாரத்துப் பெரியவர்கள் அலைவது பெரும்பாலும் இதனால்தான்: எல்லா ஊசிக்கும் ஒரே இடத்தில் பதியலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஃப்ளூவுக்கும் கோவிடுக்கும் சீசனில் என்ஹெச்எஸ் இணையதளம், என்ஹெச்எஸ் ஆப், 119 என்ற இலவச போன் எண், இந்த மூன்றில் எது வழியாகவும் பதியலாம். அக்கி, நியூமோகாக்கல், ஆர்எஸ்வி மூன்றும் உங்கள் ஜிபி (குடும்ப டாக்டர்) சர்ஜரியின் வேலை. ஆர்எஸ்வி மட்டும் சில பகுதிகளில் மருந்துக்கடையிலும் கிடைக்கும். அக்கிக்கு 119ஐ அழைத்துப் பயனில்லை. ஊரிலிருந்து வந்திருந்த ஒரு மாமா, "சர்ஜரிக்கு போன் பண்ணிட்டேன்" என்று நான் சொன்னதும் யாருக்கு ஆபரேஷன் என்று பதறிப்போனார். இங்கே டாக்டர் கிளினிக்குக்கு அதுதான் பெயர்.

இணையதளத்தில் பதிவது பத்து நிமிஷ வேலை. பெயர், பிறந்த தேதி, போஸ்ட்கோட் கேட்கும். என்ஹெச்எஸ் எண் தெரிந்தால் போடலாம், தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தகுதி இருந்தால் பக்கத்திலுள்ள மருந்துக்கடைகளையும் மையங்களையும் தூரத்தோடு வரிசையாகக் காட்டும். இடம், நாள், நேரம் தேர்ந்தெடுத்தால் ஒரு பதிவு எண் வரும். அதை எழுதி வைத்துக்கொண்டால் தேதி மாற்ற வசதி. நீங்கள் மகனோ மகளோ என்றால் பெரியவர்களுக்காகப் பதிந்து தரலாம், போன் எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுக்கலாம். ஆனால் முந்தின நாள் வரும் நினைவூட்டலும் உங்கள் போனுக்குத்தான் வரும். அதைப் பெரியவர்களிடம் சொல்ல மறந்துவிட்டு மறுநாள் திட்டு வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

நம்மவர்களுக்கு இடறுவது பெயர்தான். சர்நேம் என்ற கட்டத்தில் எதைப் போடுவது? சித்தப்பாவின் பதிவில் அவர் அப்பாவின் பெயர் முன்னாலும் அவர் பெயர் சர்நேமாகவும் ஏறியிருக்கிறது. கிளினிக்கில் தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எப்படி எழுதுவது சரி என்று யோசிக்காதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தில் எப்படி இருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அப்படியே போடுங்கள். "உங்கள் விவரம் கிடைக்கவில்லை" என்று திரை சொன்னால் பத்தில் ஒன்பது தடவை காரணம் இதுதான்.

இனி 119. பக்கத்து வீட்டு அம்மம்மா யாழ்ப்பாணத்தவர், 84 வயது, தனியாக இருக்கிறார். கடிதம் வரட்டும் என்று நவம்பர் பாதிவரை காத்திருந்தார். கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. வயது நிரம்பியிருந்தால், சீசன் தொடங்கியிருந்தால், நீங்களாகவே பதியலாம். கடிதமும் மெசேஜும் வெறும் நினைவூட்டல்தான். நான் பதிந்து தருகிறேன் என்றேன், மறுத்துவிட்டார். தானே பேசுவாராம். "தமிழ் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்" என்ற மூன்று சொல்லை மட்டும் தாளில் தமிழில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டினேன். 119இல் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள், அதற்கும் காசு கிடையாது. கொஞ்ச நேரம் லைனில் காக்க வேண்டும், அவ்வளவுதான். சாயந்திரம் கதவைத் தட்டிச் சொன்னார்: "பிள்ளை, தமிழ் கதைக்கிற ஒருத்தி லைனில வந்தவா. கேட்டதுக்கெல்லாம் சொன்னனான். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு." மருந்துக்கடை அவர் வீட்டிலிருந்து நாலாவது கடை.

அவர் கடிதத்துக்குக் காத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. 2020 டிசம்பர் 8 அன்று கவென்ட்ரியில் முதல் கோவிட் ஊசி போட்டார்கள். அடுத்த மாதமே 80 தாண்டியவர்களுக்குக் கடிதங்கள் கிளம்பின. அப்போது திறந்த பெரிய மையங்கள் ஏழு: லண்டனில் எக்செல் அரங்கம், எப்சமில் குதிரைப் பந்தய மைதானம், பர்மிங்காமில் ஒன்று, மான்செஸ்டரில் ஒன்று, இப்படி. 45 நிமிஷ கார் தூரத்துக்குள் இருப்பவர்களுக்கு அழைப்பு. கார் இருப்பவருக்கு அது 45 நிமிஷம். ஜனவரிக் குளிரில் பஸ் மாறி ரயில் ஏற வேண்டிய எண்பது வயதுக்காரருக்கு? வேண்டாம் என்றால் உங்கள் ஜிபி அழைக்கும்வரை காத்திருக்கலாம் என்பதையும் சொல்லியிருந்தார்கள். ஆனால் பலர் அந்த வரிவரை படிக்கவில்லை, போகாவிட்டால் ஊசியே கிடைக்காது என்று பயந்தார்கள். கடிதம் வந்தால்தான் ஊசி, அதுவும் தூரத்தில்தான் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. இப்போது பெரும்பாலும் நடந்து போகிற தூரத்தில் ஒரு மருந்துக்கடை இருக்கும்.

ஜிபியிடம் கேட்கும்போது ஒரு சூட்சுமம். காலை 8 மணிக்கு போன் செய்யாதீர்கள். அது அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள் முட்டி மோதுகிற நேரம். உங்களுடையது அவசரமில்லை. பதினொரு மணிக்குமேல் அழைத்து, "எனக்கு இன்ன வயது, நியூமோகாக்கல் போட்டிருக்கிறேனா என்று பார்த்துச் சொல்லுங்கள், அக்கி ஊசிக்கு நர்ஸிடம் நேரம் வேண்டும்" என்று ஊசியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக "ஊசி" என்று கேட்டால் ஃப்ளூ என்றே எடுத்துக்கொள்வார்கள். வயதுக் கணக்கில் அக்கி ஊசி போடுபவர்களுக்கு இரண்டாவது தவணை ஆறு மாதத்துக்குப் பிறகு, பன்னிரண்டு மாதத்துக்குள். சர்ஜரி கூப்பிடும் என்று நம்பி இருக்காதீர்கள். சித்தியைக் கூப்பிடவில்லை. முருகன் படம் போட்ட காலண்டரில் குறித்து வைத்திருந்ததால்தான் எட்டாவது மாதத்தில் அவராகவே கேட்டுப் போனார்.

இவை எதற்கும் காசு இல்லை, கார்டு விவரம் தேவையில்லை. ஊசிக்குப் பதிய வங்கிக் கணக்கு எண் கேட்டு மெசேஜ் வந்தால் அது மோசடி, அழித்துவிடுங்கள். ஜிபியில் இன்னும் பதியாதவர்கள் முதலில் அதைச் செய்ய வேண்டும். முகவரிச் சான்றும் அடையாள அட்டையும் கேட்கக்கூடும், இல்லை என்பதற்காகவோ விசாவைக் காரணம் காட்டியோ பதிய மறுக்கக் கூடாது என்பது விதி.

போகிற அன்று உடையைக் கவனியுங்கள். தெர்மல், அதன்மேல் ரவிக்கை, ஸ்வெட்டர், சால்வை, கோட் என்று அம்மம்மா போயிருக்கிறார். தோளை வெளியே எடுக்கவே கால்மணி நேரம் ஆனதாம், பின்னால் வரிசை நின்றதாம்.

மேலே சொன்னதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் ஊசி ஏற்பாடு அந்தந்தப் பகுதி சுகாதார வாரியத்தின் கையில். 119 வழியாக அங்கே பதிய முடியாது, கடிதத்தில் சொல்லியிருக்கும் வழியைப் பின்பற்றுங்கள். படுக்கையில் இருப்பவர்கள், வீட்டைவிட்டு இறங்க முடியாதவர்கள் எந்த ஊசியானாலும் ஜிபியிடம் அதைச் சொன்னால் வீட்டுக்கே ஆள் வந்து போட ஏற்பாடு செய்வார்கள். கேட்கிற ஒரு போனை மட்டும் வீட்டில் யாராவது செய்ய வேண்டும். செப்டம்பரிலேயே செய்துவிடுவது நல்லது, நவம்பரில் அந்த நர்ஸ்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.