அமெரிக்காவில் வீட்டிலேயே ரைஃபிள் தோட்டா தயாரிக்க: விசா, சட்டம், கருவி

துல்லிய ரைஃபிள் போட்டிகளுக்குப் போகிறவர்களில் பலர் கடைத் தோட்டாவோடு நிற்பதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கேஸை (தோட்டாவின் வெளிக்கூடு) எடுத்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), அளந்த பவுடர், புல்லட் (பீப்பாயிலிருந்து பறக்கும் முனை) வைத்துத் தாங்களே தோட்டா செய்துகொள்கிறார்கள். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்யக் கூட்டாட்சி அரசின் உரிமம் எதுவும் வேண்டாம். இந்த ஒரு வரியைக் கேட்டதும் பிரஸ் (தோட்டாவை அழுத்திச் செய்யும் கருவி) ஆர்டர் போடத் தோன்றும். ஆனால் எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 விசாவில் இருப்பவர் அதற்கு முன் படிக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

பிரஸ்ஸுக்குக் கட்டுப்பாடு இல்லை, பிரைமருக்கு உண்டு

1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் தோட்டா என்பதற்கான வரையறை முழுத் தோட்டாவோடு முடியவில்லை. துப்பாக்கிக்கென்று செய்யப்பட்ட கேஸ், பிரைமர், புல்லட், பவுடர் எல்லாமே அந்த வரையறைக்குள் வருகின்றன. ஒரு டப்பா பிரைமர் மட்டும் வீட்டில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது தோட்டாதான். பிரஸ், அதில் பொருத்தும் டை (அச்சு), தராசு, நீளம் அளக்கும் காலிப்பர் போன்ற கருவிகள் இந்த வரையறையில் இல்லை.

அதே சட்டம், எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் நாட்டுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. மீறினால் 2022 திருத்தத்துக்குப் பின் அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு; முன்பு 10 ஆண்டாக இருந்தது. ஆயுதக் குற்றம் நாடு கடத்தலுக்கும் காரணமாகும் என்று குடியேற்றச் சட்டம் தனியாகச் சொல்கிறது. பத்து வருடம் வரி கட்டியிருப்பதோ, ஐ-140 (கிரீன் கார்டுக்காக வேலை தருபவர் போடும் மனு) அப்ரூவ் ஆகியிருப்பதோ இதில் உதவாது. கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை பொருந்தாது. ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) நிலுவையில் இருப்பவர் தன் நிலைமையைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டி எழுத்தில் பதில் வாங்கிக்கொண்ட பிறகே காசைச் செலவழிக்கட்டும்.

விசாவில் இருப்பவருக்கும் ஒரு நேர்வழி உண்டு: அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது கையில் இருந்தால் தடை விலகும். எந்த மாநில உரிமமானாலும் சரி, வேட்டைக்குப் போயே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் தேதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். டெக்சஸில் வேட்டை உரிமத்தை எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதி முடிந்துவிடும். டாலஸில் ஜூலையில் வாங்கியவருக்கு செப்டம்பர் 1 காலையில், கராஜில் இருக்கும் பவுடரும் பிரைமரும் சட்டவிரோதம். புது உரிமத்தை முந்தைய மாதமே வாங்கிவிடுங்கள். டெக்சஸில் 2 செப்டம்பர் 1971 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடிக்க வேண்டும்.

ஒரே அபார்ட்மென்டில் கிரீன் கார்டுக்காரரும் எச்-1பிக்காரரும் சேர்ந்து இருந்தால் இன்னொரு சிக்கல். கையில் பிடித்திருந்தால்தான் ‘வைத்திருத்தல்’ என்றில்லை. எடுத்து ஆளும் வசதி இருந்தாலே அந்தக் குற்றச்சாட்டு வரலாம். எனவே பூட்டிய அலமாரி, அதன் சாவி உரிமை உள்ளவரிடம் மட்டும்.

மாநிலம் மாறினால் விதி மாறும்

தோட்டா விற்கும் கடைக்குக் கூட்டாட்சி உரிமம் வேண்டும் என்ற விதி 1986-இல் நீங்கியது. மாநிலங்கள் அப்படி விட்டுவிடவில்லை. மாசசூசெட்ஸில் கேஸ், பிரைமர், பவுடர் வாங்கவும் ஆயுத உரிமம் வேண்டும். கலிபோர்னியாவில் 1 ஜூலை 2019 முதல் தோட்டா வாங்குபவருக்குப் பின்னணிச் சோதனை என்று விதி வந்தது. அது முழுத் தோட்டாவைப் பற்றியது. அதே நாளிலிருந்து அங்கே வேட்டைக்கு ஈயப் புல்லட் கூடாது. செம்புப் புல்லட் அதே எடையில் நீளம் கூடுதலாக இருக்கும். பீப்பாயின் முறுக்கு (புல்லட்டைச் சுழலவைக்கும் உள்வரிகள்) அதற்குப் போதுமா என்று பார்த்து வாங்க வேண்டும், இல்லையென்றால் புல்லட் சாய்ந்து போய் இலக்கில் பக்கவாட்டு ஓட்டை விழும்.

செய்ததை விற்பது வேறு கதை. லாப நோக்கில் தொடர்ந்து தயாரித்து விற்கக் கூட்டாட்சி அரசின் 06-ஆம் வகை உரிமம் வேண்டும். மூன்று வருடத்துக்கு 30 டாலர்தான், ஆனால் அதோடு 11 சதவீதக் கலால் வரியும் கணக்கு வழக்கும் சேர்ந்து வரும். நண்பருக்குக்கூடச் செய்து தராமல் இருப்பதே நல்லது. உங்கள் ரைஃபிளுக்குச் சரியாக இருக்கும் பவுடர் அளவு அவருடைய ரைஃபிளில் அழுத்தம் மீறலாம்.

எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்

பல மாநிலங்களின் தீயணைப்பு விதிகள் என்எஃப்பிஏ (அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கம்) வகுத்த 495 என்ற தரத்தை ஒட்டியவை. அதன்படி வீட்டில் புகையில்லாப் பவுடர் 20 பவுண்டு வரை, தயாரிப்பாளரின் டப்பாவிலேயே வைக்கலாம். 20-க்கு மேல் 50 பவுண்டு வரை வைப்பதானால் ஒரு அங்குலத் தடிமன் பலகையில் செய்த மரப்பெட்டி வேண்டும். பிரைமர் 10,000 வரை. உங்கள் நகரம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம், வாடகை ஒப்பந்தமும் தடுக்கலாம். உள்ளூர் தீயணைப்பு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

ஏன் மரம்? புகையில்லாப் பவுடர் திறந்த இடத்தில் வேகமாக எரியும், அவ்வளவுதான். இறுக்கமான இரும்புப் பெட்டிக்குள் எரிந்தால் வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி வெடிக்கும். மரப்பெட்டியின் மூட்டு விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டகத்தில் பவுடர் வைக்காதீர்கள். பிரைமரை அதன் தட்டிலிருந்து கொட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் சேர்க்காதீர்கள். ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும்.

20 பவுண்டு குறைவோ என்று தோன்றும். ஒரு பவுண்டு 7,000 கிரெயின். 6.5 கிரீட்மூர் என்ற ரைஃபிள் தோட்டா வகைக்குக் கணக்குக்காக 40 கிரெயின் என்று வைத்தால் பவுண்டுக்கு 175, ஆக 20 பவுண்டில் 3,500 தோட்டா. தொடங்குகிறவருக்கு வருடக்கணக்கில் வரும். பவுடர், பிரைமர் அஞ்சலில் வராது. தனியார் கூரியரில் ஒவ்வொரு பார்சலுக்கும் அபாயப் பொருள் கட்டணம் உண்டு என்பதால் இரண்டையும் சேர்த்து ஒரே தடவையில் வாங்குவது லாபம்.

கருவி: எதில் காசு போட வேண்டும்

முதலில் வாங்க வேண்டியது எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு பவுடர் என்று சொல்லும் கையேடு. ஹார்னடி, சியர்ரா, லைமன் ஆகியவை அச்சில் கிடைக்கும். ஹாட்ஜன் நிறுவனம் தன் பவுடர்களின் அளவுப் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கையேட்டின் தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏறுங்கள். முகம் தெரியாதவர் எழுதிய அளவை அப்படியே எடுக்காதீர்கள்.

பிரஸ் ஒற்றை நிலையாக, அதாவது ஒரு இழுப்பில் ஒரே வேலை செய்வதாக, இருக்கட்டும். வார்ப்பிரும்பில் செய்த ஆர்சிபிஎஸ் ராக் சக்கர், லீ கிளாசிக் காஸ்ட் இரண்டும் வேலையை முடித்துத் தரும். ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் புரோகிரசிவ் பிரஸ் தொடக்கக்காரருக்கு வேண்டாம். அதில் நான்கைந்து வேலை ஒரே நேரத்தில் நடக்கும், எது தவறியது என்று கண்ணில் படாது.

பிரஸ்ஸில் மிச்சப்படுத்திய காசை டையிலும் தராசிலும் போடுங்கள். கேஸை முழுநீளத்துக்கும் பழைய அளவுக்குக் கொண்டுவரும் டை ஒன்று, மைக்ரோமீட்டர் வைத்த புல்லட் பொருத்தும் டை ஒன்று. போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும்) ரைஃபிளுக்குக் கேஸின் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) 0.001 முதல் 0.002 அங்குலம் மட்டும் பின்னுக்குத் தள்ளினால் போதும். அதை அளக்கக் காலிப்பரில் மாட்டும் கம்பாரேட்டர் வேண்டும். அது இல்லாமல் டையைக் கடைசி வரை இறக்குகிறவர்களின் கேஸ், ஒவ்வொரு முறையும் அடிப்பகுதிக்குச் சற்று மேலே இழுபட்டு, சில சுற்றுகளில் அங்கே ஒரு வெளிறிய வளையம் தெரியும். அந்தக் கேஸைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இன்னொரு தடவை சுட்டால் அது இரண்டாகப் பிரியலாம்.

தராசு 0.1 கிரெயின் காட்ட வேண்டும். கிராமில் சொன்னால் 0.0065. மலிவான மின்னணுத் தராசு மின்விசிறிக் காற்றுக்கும் பக்கத்தில் கிடக்கும் கைபேசிக்கும் எண்ணை மாற்றும். அரை மணி நேரம் ஓடவிட்டு, சோதனை எடைக்கல் வைத்துப் பார்த்து, பிறகு தொடங்குங்கள். நல்ல தட்டுத் தராசு மெதுவானது, ஆனால் எண் நகராது. முதல் தராசாக நாங்கள் சொல்வது அதைத்தான்.

கேஸ் சுடச்சுட நீளும். 6.5 கிரீட்மூருக்கு அதிகபட்சம் 1.920 அங்குலம், வெட்ட வேண்டிய அளவு 1.910. எனவே நீளத்தை வெட்டும் டிரிம்மரும், வாய் ஓரத்தைச் சீவும் கருவியும் வேண்டும். கேஸுக்குப் பூசும் மசகு குறைந்தால் கேஸ் டைக்குள் மாட்டிக்கொள்ளும், அதிகமானால் தோளில் குழி விழும். கைப் பிரைமர் கருவி வாங்கினால் பிரைமர் உட்காருவதை விரலில் உணரலாம். கேஸின் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே போக வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அந்தத் தோட்டாவைச் சுடக் கூடாது.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே பவுடர் டப்பா. வேலை முடிந்ததும் அளவைக் குப்பியில் மிஞ்சியதை அதே டப்பாவில் ஊற்றிவிடுங்கள். மறுநாள் அது எந்தப் பவுடர் என்று பார்த்துச் சொல்ல முடியாது. தெரியாத பவுடரை உபயோகிக்கவே கூடாது. எல்லாக் கேஸையும் பலகையில் நிறுத்தி, புல்லட் வைக்கும் முன் டார்ச் அடித்துப் பவுடர் மட்டம் பாருங்கள்.

ஊருக்குப் போகும்போது

பவுடரும் பிரைமரும் விமானத்தில் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தின் வரையறை அமெரிக்கச் சட்டத்தைவிட விரிவானது. தோட்டாவின் பாகங்களோடு, தோட்டா தயாரிக்கும் கருவிகளும் அதில் ‘தோட்டா’ என்றே கணக்கு. இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டும். ஆகவே டையையும் பிரஸ்ஸையும் அண்ணனுக்கு என்று சென்னைக்குக் கொண்டுபோகாதீர்கள். ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையைப் பயணப் பையாக உபயோகிக்கவும் வேண்டாம். ஓரத் தையலுக்குள் ஒரே ஒரு தோட்டா ஒளிந்திருந்தாலும் ஸ்கேனரில் தெரியும், விமான நிலையத்திலேயே வழக்குப் பதிவாகலாம்.